சாம்பல் அறையும் ஜெயக்கொடியின் நிறமும்

எட்டாவது வாளிப் பெயிண்ட் காய்ந்து முடிந்த வெள்ளிக்கிழமை காலையில், தங்கப்பழம் அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் பின்பக்கத்து அறைக்குள் வடிவு கால் வைத்தபோது, அவள் கட்டியிருந்த ஆரஞ்சுப் புடவை உள்ளே போனது, ஆரஞ்சு மட்டும் வாசலோடு நின்றுகொண்டது. அவள் கையில் வைத்திருந்த தட்டும் தட்டிலிருந்த வாழைப்பழமும் கதம்பமும், நெற்றிப் பொட்டும், நகத்து மருதாணியும் பழைய காலத்துக் கருப்பு வெள்ளைப் படத்தில் இருப்பதுபோல ஆகிவிட, மேஜையிலிருந்த கம்ப்யூட்டர் திரையில் மட்டும் முந்தின நாள் பாதியில் விட்டுப்போன கல்யாணப் படம் அதன் அரக்கும் மஞ்சளும் பச்சையுமாக இம்மியும் குறையாமல் இருந்தது. வடிவு வெளியே வந்தாள், ஆரஞ்சு வந்தது. உள்ளே போனாள், போய்விட்டது. மூன்று தரம் போய்வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் ரூமு சரியா இருக்கு" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கினாள்.

எங்கள் ஊர் வெம்பூரணி. கோவில்பட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே கரிசல் காட்டில் மூன்று பஸ் நின்று போகும் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் இளக்காரமாகச் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், உங்கள் ஊரில் இப்படியொரு அறை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அந்த அறை சும்மா வந்துவிடவில்லை. வடிவு மல்லுக்கட்டி வாங்கியது.

வடிவுக்கு முப்பத்துநாலு வயது. பதினொரு வருஷமாக அண்ணாச்சியிடம் கல்யாண ஆல்பம் போடுகிறாள். படம் எடுப்பது வேறு ஆள், எடுத்த படத்தைத் திரையில் திருத்தி, நிறம் பார்த்து, பக்கம் பக்கமாக அடுக்கி மதுரைக்கு அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த நாளில் அந்த அறைச் சுவர் வாஸ்துப்படி கிளிப்பச்சை, மேலே ரோஸ், ஜன்னலில் மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய், போதாதற்கு இரண்டு குழல்விளக்கு, அவற்றில் ஒன்று இழவு வீட்டுக்காரி மாதிரி விட்டுவிட்டு அழும். அதற்குள் உட்கார்ந்து அவள் பார்த்துப் பார்த்துத் திருத்தி அனுப்பிய ஆல்பங்கள் திரும்பி வரும்போது முகூர்த்தப் புடவையின் அரக்கு பாசி படிந்ததுபோல் இருக்கும், தாலிக்கயிறு பச்சை தட்டியிருக்கும், மாப்பிள்ளை வேட்டி நீலம் போட்டு அலசியதுபோல் இருக்கும். பெண் வீட்டார் ஸ்டூடியோவைத் திட்டினார்கள், ஸ்டூடியோ அச்சுக்காரனைத் திட்டியது, அச்சுக்காரன் கேமராக்காரனைத் திட்டினான், கேமராக்காரன் மண்டபத்து விளக்கைத் திட்டினான், விளக்குக்கு வாய் இல்லாததால் வழக்கு அங்கேயே நின்றது.

வடிவுதான் ஒருநாள் கண்டுபிடித்தாள். "கண்ணு ஏமாறுது அண்ணாச்சி. பச்சைச் சுவத்துக்குள்ள நாளெல்லாம் உக்காந்து பாத்தா திரையில எல்லாம் செவப்புத் தட்டித் தெரியுது. நான் செவப்பக் கொறைக்கேன். மதுரையில அடிச்சா பச்சையா வருது. சுவத்துக்குச் சாம்பல் அடிக்கணும்."

"சாம்பலா? கட்டி முடிக்காத வீடு மாதிரியா? தங்கப்பழத்துக்குப் பெயிண்ட் அடிக்க வக்கில்லன்னு ஊரு சொல்லாதா தாயி?"

"ஊரு சொல்லட்டும். நிறம் சரியா வரும்."

ஒரு மாசம் இந்தப் பேச்சே ஓடியது. அண்ணாச்சி கடைசியில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அவருக்கு நம்பிக்கை வந்தது அல்ல, காது வலி வந்தது. பெயிண்டர் முத்துக்காமாட்சி வந்தார். வெள்ளையில் கருப்பைக் கலந்தால் சாம்பல், இதில் என்ன வித்தை என்று கலக்கினார். வடிவு ஒரு சாம்பல் அட்டையை வாளிக்குப் பக்கத்தில் பிடித்து, "இதுல நீலம் ஒளிஞ்சிருக்கு" என்றாள். அடுத்த வாளியில் மஞ்சள் ஒளிந்திருந்தது. மூன்றாவதில் ஊதா. முத்துக்காமாட்சி நாற்பது வருஷம் பெயிண்ட் அடித்தவர், ஒரு பெண்பிள்ளை தன் வாளிக்குள் ஒளிந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் காட்டுவதைப் பொறுக்காமல் ஐந்தாம் வாளியில் கோபித்துக்கொண்டு போய், ஆறாம் வாளிக்குத் தானே திரும்பி வந்தார். வடிவு தள்ளிய ஏழு வாளியும் ஊரில் ஏழு காம்பவுண்டுச் சுவர்களில் இன்றைக்கும் இருக்கிறது. எட்டாவதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

அறையைப் பார்க்க முதல் வாரம் தெருமுனைவரை ஆள் நின்றது. செருப்பையும் நிறத்தையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்தோம். மிளகாய் வற்றலைக் கொண்டுபோனோம், தக்காளியைக் கொண்டுபோனோம், காயா பழமா என்று கையால் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கிளி ஜோசியர் தன் கிளியைக் கொண்டுபோனார், அது தன் சிறகை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சீட்டு எடுக்க மறுத்தது. பூசாரி உள்ளே போய்வந்து, குங்குமம் போச்சு, சந்தனம் போச்சு, விபூதி மட்டும் நிக்குது, ஆகவே இது சிவன் இடம் என்றார்; சர்ச்சில் மணியடிக்கிற தேவசகாயம், நெத்தியில சாம்பல் பூசுத எங்க சாம்பல் புதன் மட்டும் என்னவாம் என்று கேட்டார். இருவரும் அந்த அறைக்குள் உட்கார்ந்தே தர்க்கம் பண்ணினார்கள், ஒருவர் காவியும் மற்றவர் அங்கியும் ஒரே நிறமாக இருந்ததால் சண்டை ருசிக்காமல் எழுந்து வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்பதாம் வார்டு வாய்க்கால் விஷயத்தை அங்கே வைத்துப் பேசினார்கள். ஆறு வருஷ இழுபறி நாற்பது நிமிஷத்தில் முடிந்தது, போகும்போது ஆளுக்கு ஆள் துண்டு மாறிப் போய்விட்டது, வெளியே வந்து தெரிந்துகொண்டு அடித்துப் பிடித்து மாற்றிக்கொண்டார்கள்.

மெக்கானிக் மாசிலாமணி மட்டும் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதைச் சொல்லியே ஊர் ஐம்பது வருஷம் அவரைக் கேலி பண்ணியிருந்தது. "இப்பத்தாம்யா எல்லாரும் என்னைய மாதிரி பாக்கிய" என்று சொல்லி அழுதார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு அவரை யாரும் கேலி பண்ணவில்லை.

கல்யாணங்களிலும் புது வழக்கம் வந்தது. மண்டபத்து வெளிச்சம் என்ன நிறம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவேண்டும் என்று வடிவு தாலி கட்டுவதற்கு முன் பொண்ணு மாப்பிள்ளை கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். நாங்கள் அதை ஒரு சடங்கு என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாவது கல்யாணத்திலேயே அட்டை தாம்பூலத் தட்டில் வந்தது, ஐயர் "அட்டை வந்துடுத்தோ?" என்று கேட்டார், சாம்பல் நிறத்தை மணவறையில் வெறுமனே காட்டலாமா என்று ஒரு அத்தை அதன்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டாள், சந்தனம்தான் சாம்பல் என்று கம்ப்யூட்டர் நம்பிவிட, அந்தக் கல்யாணமே நீலம் பாரித்துப்போய், வடிவு நான்கு நாள் உட்கார்ந்து மணமக்களை மீட்டெடுத்தாள். இப்போது சந்தனம் அட்டையின் பின்பக்கம் வைக்கிறோம்.

ஆல்பங்கள் நிறம் பிசகாமல் வர ஆரம்பித்தன. மாசத்துக்கு ஒருநாள் திரையின்மேல் ஆமைக்குட்டி போன்ற ஒரு கருவியை வடிவு ஒட்டவைப்பாள், திரை தன் நிறங்களை ஒவ்வொன்றாக ஒப்பித்துக் காட்ட, அது சரி பார்க்கும். பிறகு படம். படத்தை முன்கூடத்துப் பிரிண்டரில் ஒரு தாள் அடித்து, காலை பத்து மணி வெளிச்சத்தில், வாசல் நிழலில், அசல் புடவையைப் பக்கத்தில் விரித்து வடிவு ஒத்துப் பார்ப்பாள். அதைப் பார்க்க ஊரே கூடும். அரக்குக்குப் பக்கத்தில் அரக்கு, எது துணி எது தாள் என்று தெரியாமல் நிற்கும்போது எங்களுக்கு மார்பு விரியும், ஏதோ நாங்களே உட்கார்ந்து திருத்தியது மாதிரி. பெரிய ஊர்களிலிருந்தெல்லாம் படம் வந்தது.

ஆனால் புடவையைத்தான் ஒத்துப் பார்த்தோம், முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு வேறு சட்டம் இருந்தது. ஆல்பம் போடும் எல்லா ஸ்டூடியோவிலும் அது உண்டு, யாரும் எழுதிவைத்தது இல்லை, யாரும் மீறினதும் இல்லை: பொண்ணு முகத்தை இரண்டு பாயிண்ட் வெளுக்கவேண்டும். மாநிறம் என்றால் இரண்டு, கருப்பு என்றால் நாலு. வடிவும் பதினொரு வருஷமாக வெளுத்தாள். எங்கள் வீட்டு ஆல்பங்களில் கரிசல் காட்டுப் பெண்கள் எல்லாரும் மாவில் விழுந்து எழுந்தவர்கள்போல நிற்பார்கள், நாங்கள் அதை அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜெயக்கொடி அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், விசில் ஊதினால் பஸ் நிற்கும். அவளுக்கும் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் துரைராஜுக்கும் ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. மறுவாரமே ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள்.

"வடிவக்கா, என் மூஞ்சிய வெளுக்கக்கூடாது."

"உங்க மாமியா வெளுப்பா வேணும்னு போன்ல சொல்லியிருக்காகளேம்மா."

"இது பன்னெண்டு வருசம் வெயில்ல நின்னு சம்பாதிச்ச கலருக்கா. நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஆல்பத்தப் பாத்துட்டு, டீச்சர் எங்க நிக்கீகன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

வடிவு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வெளுக்க மாட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்ற தங்கப்பழம் அண்ணாச்சி தலையில் கைவைத்தார். ஆல்பத்துக்குச் சொன்னது மாப்பிள்ளை வீடு. மாமியார் கனகமணி அம்மாளோ கடற்கரையை ஒட்டிய செம்மணல் தேரிக்காட்டில் பெரிய கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர். அவர் ஒரு வார்த்தை கெடுத்துச் சொன்னால் அந்தக் கடற்கரை முழுக்க ஒரு கல்யாணமும் இந்தப் பக்கம் வராது. "இந்த ஆல்பம் வேண்டாம்னு அந்த அம்மா சொன்னாங்கன்னு வையி, மறுநாள் இந்த ரூமுக்குப் பழையபடி பச்சை அடிப்பேன். சத்தியமாச் சொல்லுதேன்" என்றார். பச்சை அடித்தால் அந்த அறை வெறும் அறையாகிவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வடிவுக்கும் தெரியும்.

ஒத்துப் பார்க்கும் நாளில் கனகமணி அம்மாளே வந்துவிட்டார். அறுபத்தைந்து வயது, வாட்டசாட்டமான உடம்பு, காதில் கல்தோடு. வாசலில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஊர் சுற்றி நின்றது. வடிவு தாளோடு வந்தாள். முகூர்த்தப் புடவையை விரித்தார்கள், நூல் பிசகாமல் ஒத்தது. தாலிக்கயிறு ஒத்தது. மல்லிகைகூட ஒத்தது. ஜெயக்கொடி தாளை வாங்கித் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், நாங்கள் எல்லாரும் ஒன்றாகப் பார்த்தோம், ஒத்துவரவில்லை. தாளில் இருந்த முகம் வெளுத்திருந்தது.

"இது நான் இல்லையேக்கா" என்றாள் ஜெயக்கொடி.

வடிவுக்கு முகம் செத்துவிட்டது. வெளுக்கக்கூடாது என்று நினைத்து நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருஷப் பழக்கம், முகம் திரைக்கு வந்ததும் கை தன்னால் போய் இரண்டு பாயிண்ட் ஏற்றியிருக்கிறது, கண்ணும் அதைச் சரி என்றிருக்கிறது. "சுவத்துக்குச் சாம்பல் அடிச்சேன், கண்ணுக்கு அடிக்கலியே" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அவளை அப்படித் தலைகுனிந்து நாங்கள் பார்த்ததில்லை.

கனகமணி அம்மாளோ தாளை வாங்கிப் பார்த்து, "லட்சணமால்லா இருக்கு. இதையே போட்டுரு" என்றார்.

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "அவுகளே சரிங்காக தாயி. விட்டுரு."

விட்டிருக்கலாம். அறை தப்பும், வேலை தப்பும், மாமியாரும் சந்தோஷம். வடிவு தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஒத்து வரல அண்ணாச்சி. ஒத்து வராததை நான் அனுப்ப மாட்டேன்."

"கேமரா பிடிச்சபடியே விட்டுறலாம்லா?" என்று துரைராஜ் மெதுவாகக் கேட்டான், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

"கேமரா பிடிச்சது மூஞ்சியில மட்டும் வீடியோ லைட்டு விழுந்த நிறம் தம்பி, அட்டையும் அதைச் சரி பண்ணாது. இவ நிறம் இல்ல."

அப்போதுதான் சங்கடம் புரிந்தது. ஜெயக்கொடியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தலாம் என்றால், அறைக்குள் வந்ததும் அவளும் சாம்பல். பெருமைப்பட்டுக் காட்டிய அறை ஒரு பெண்ணின் நிறத்தை உள்ளே விட மறுத்தது. வடிவு வெளியே வந்து அவளைப் பார்ப்பாள், கண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவாள், திரைக்கு முன் உட்காருவதற்குள் பிடித்தது நழுவிவிடும். இப்படி ஏழு தரம் ஓடினாள். எட்டாம் தரம் வாசலில் நின்று மூச்சு வாங்க, "கண்ணுல கொண்டுபோக முடியல. வாயில கொண்டுபோறேன். சொல்லுங்க, இவ என்ன நிறம்?" என்று எங்களைக் கேட்டாள்.

"கருப்பு" என்றோம்.

"கருப்புன்னா எது? என் செருப்பும் கருப்பு, தலைமுடியும் கருப்பு."

எங்களிடம் இருந்ததே மூன்று வார்த்தை. செவப்பு, மாநிறம், கருப்பு. புடவைக்கு அரக்கு, மயில்கழுத்து, மாம்பழம், எலுமிச்சை, ராமர் பச்சை, வெங்காயச் சருகு என்று நூறு பெயர் வைத்திருந்த ஊர், அந்தப் புடவை கட்டும் பெண்களுக்கு மூன்றே மூன்று வைத்திருந்தது. அது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

முதலில் பூக்காரி சண்முகக்கனிதான் வாயைத் திறந்தாள், "புளியங்கொட்டை." வடிவு உள்ளே ஓடிப்போய் அந்த நிறத்தைத் திரையில் வைத்துப் பார்த்து, "செவப்பு அதிகம்" என்று கத்தினாள். அப்புறம் கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. ஒருத்தி வறுத்த காப்பிக்கொட்டை என்றாள், ஒருத்தி செக்கிலிருந்து எடுத்த எள்ளுப் புண்ணாக்கு என்றாள், முதல் மழைக்கு மறுநாள் உழுத கரிசல் என்றார் ஒரு சம்சாரி, எண்ணெய் தேய்த்த ஊஞ்சப் பலகை, மூணு மாசம் குழம்பு வைத்த மண்சட்டி, வேப்பம்பட்டையின் ஈரப் பக்கம், உடைத்த முந்திரித் தொலி, மழையில் நின்ற எருமைக்கன்று என்று வாசலில் இருப்பவர் சொல்ல, கூடத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்ல, அறைக்குள் இருப்பவர் வடிவு காதில் சொல்ல, வார்த்தை கைமாறிக் கைமாறி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டோம். "நான் எள்ளுப் புண்ணாக்கு" என்றாள் ஒருத்தி, அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து நின்றாள். "நான் ஊஞ்சப் பலகை" என்றாள் இன்னொருத்தி. "ரெண்டு நாள் காஞ்ச கரிசல்னு என்னையப் போட்டுக்க" என்றார் முத்துக்காமாட்சி, வாளிவாளியாக வெள்ளையைக் கலந்து வாழ்ந்தவர். மாசிலாமணிகூடச் சொன்னார், "எனக்குச் செவப்பு பச்சை தெரியாது, ஆனா கருப்புல எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியும்யா. இந்தப் பிள்ள நிறத்துல வெளிச்சம் உள்ள இருந்து வருது." எத்தனையோ வருஷமாக வெயிலைத் திட்டி, பவுடரை அப்பி, பிறந்த குழந்தையின் காதோரத்தைப் பார்த்து நிறம் கணித்துக் கவலைப்பட்ட ஊர், அன்றைக்குத் தன் நிறங்களை ஏலம் கூறுகிற மாதிரி சத்தம்போட்டுக் கூறியது. சந்தோஷமாக இருந்தது. அதைவிட, கர்வமாக இருந்தது.

ஒன்றும் ஒத்துவரவில்லை என்பதுதான் பாக்கி.

"கருப்பட்டின்னு சொல்லிப் பாருங்க" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அதுவரை, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டீயை ஆற்றிக்கொண்டிருந்த கனகமணி அம்மாளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. நாற்பத்தைந்து வருஷமாகக் கருப்பட்டியை முகர்ந்தும் உடைத்தும் எந்தப் பனைவிளையில் எந்த மாசம் காய்ச்சியது என்று சொல்லி ஒருநாளும் தவறாதவர். டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"எந்தக் கருப்பட்டி?"

சொன்ன ஆள் கூட்டத்துக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

"கருப்பட்டின்னா ஒரு நிறமா? பங்குனிச் சரக்கு ஒரு நிறம், ஆனிச் சரக்கு ஒரு நிறம். ஓலை போட்டுக் காய்ச்சினா ஒண்ணு, விறகு போட்டா ஒண்ணு. மேல்பக்கம் ஒண்ணு, உடைச்சா உள்ள ஒண்ணு. தெரியாம என்னவே பேசுதிய?" எழுந்து வந்து மருமகளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மாமியாராக அல்ல, மண்டிக்காரியாகத்தான் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவர் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறோம். "சித்திரைப் பதநீரு. ஓலைத் தீ. சிரட்டையில ஊத்தி மறுநாள் கவுத்தது. உடைச்ச உடனே, காத்துப்படுததுக்கு முந்தி, உள்பக்கம். அதுதான் இது. போய்ச் சொல்லு."

வார்த்தை உள்ளே போனது. சித்திரைப் பதநீர், ஓலைத் தீ, மறுநாள், உடைச்ச உடனே, உள்பக்கம். ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு ஒன்றையும் சிந்தாமல் கொண்டுபோனோம். ரொம்ப நேரம் கழித்துப் பிரிண்டர் ஓடியது, வடிவு தாளோடு வந்தாள், யார் முகத்தையும் பார்க்காமல் ஜெயக்கொடியிடம் கொடுத்தாள், அவள் கன்னத்தோடு வைத்தாள்.

கன்னம் எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சித்திரை வெயிலில் விசிலோடு நிற்கிற எங்கள் டீச்சர், கழுத்தில் மாலையோடு அரக்குப் புடவையில் ராணி மாதிரி இருந்தாள். கூட்டத்திலிருந்த பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"யக்கா, உங்க முடிவு என்ன?" என்று தங்கப்பழம் அண்ணாச்சி கனகமணி அம்மாளிடம் கேட்டார். வடிவு அறையின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் இரண்டு தாளையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தார். பழையதை ஒதுக்கி வைத்தார். "இது சீனி கலந்தது. வெளுத்தா சீனின்னு என் மண்டியில வேலைபாக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். புதியதை மருமகளிடம் நீட்டினார். "இதுதான் சரக்கு. முழு ஆல்பமும் இப்படியே போடு."

அன்றைக்கு எங்கள் ஊரில் தீபாவளி மாதிரி இருந்தது. அண்ணாச்சி, வடிவு சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கடை, அவர் சொல்லலாம்.

எட்டாம் நாள் கனகமணி அம்மாள் மறுபடியும் வந்தார். யாரும் கூட வரவில்லை. கக்கத்தில் ஒரு பழைய கண்ணாடிச் சட்டம். அவருடைய கல்யாணப் படம்: கருப்பு வெள்ளையில் எடுத்து, அந்தக் காலத்து வழக்கப்படி கையால் வர்ணம் தீட்டியது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் கன்னத்தில் ரோஸ், உதட்டில் சிவப்பு, மற்றதெல்லாம் சுண்ணாம்பு.

"நாப்பத்தாறு வருசமா இவ எங்க வீட்டு நடுச்சுவத்துல நிக்கா. யாருன்னே தெரியல" என்றார்.

வடிவு படத்தைத் திரைக்குள் ஏற்றினாள். தீட்டியிருந்த வர்ணத்தையெல்லாம் எடுத்தாள். "பெரியம்மா, அப்ப நீங்க என்ன நிறம்?"

"எங்க மாமியா கரிக்கட்டைன்னா. நாத்தனா அட்டக்கருப்புன்னா. என்னைய யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறங்களை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, வடிவின் பக்கத்து நாற்காலியில் சாம்பலாக உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார், நிறுத்தி நிறுத்தி, ஏலத்தில் கடைசி விலையைச் சொல்கிறவரின் நிதானத்தோடு. ஆனி மாசக் கடைசிப் பதநீர் என்றார், அடியில் தங்கினது என்றார், விறகு தீர்ந்துபோய் அம்மா பனம்பூவைப் போட்டுக் காய்ச்சினது என்றார், சிரட்டையில் இல்லை, பெரிய சட்டியில், மேலே பொன் மாதிரி ஒரு மினுக்கம், அதை மறந்துராதே என்றார். வடிவின் கை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை தன்னால் அல்ல, சொன்னபடி.

"பாருங்க" என்றாள்.

கனகமணி அம்மாள் கண்ணைத் திறந்தார். நிறமே இல்லாத அந்த அறையில் நிறத்தோடு ஒருத்தி மட்டும் இருந்தாள். அவளை ஏற இறங்கப் பார்த்தார், சரக்கைப் பார்ப்பதுபோல நெற்றி, கன்னம், கழுத்து, கை என்று ஒவ்வொன்றாக, எங்கும் கலப்படம் இல்லை என்று தீரும்வரை பார்த்தார்.

"இவதான்" என்றார். "இவதான் வந்தா அந்த வீட்டுக்கு."